தெர்மல் சுருங்காம, நாறாம இருக்க...

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னப்ப சிரிச்சுட்டேன். கோவிச்சுக்காத கண்ணு. "துவைச்சுத்தாங்க்கா போட்டேன், பஸ்ஸுல ஜாக்கெட்டைக் கழட்டுன அஞ்சாவது நிமிஷம் எனக்கே வாடை அடிக்குது"ன்னு நீ சொன்னதும் என்னோட மொத குளிர்காலம் ஞாபகம் வந்துருச்சு. போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது. மிச்சத்தை எழுதியே அனுப்பறேன்.

நீ போட்டிருக்கறது பாலியெஸ்டர் தெர்மல். வாடைக்குக் காரணம் அது மட்டும் இல்ல, அம்மா பாட்டில் பாட்டிலாக் கட்டிக் குடுத்துவிட்ட தேங்கா எண்ணெயும்தான். ஹீட்டர் ஓடுற வீட்டுல தோல் வெடிக்குதுன்னு ராத்திரி கை, கால், கழுத்தெல்லாம் தடவிக்கறதா நீயேதான் சொன்ன. தடவிக்கறது தப்பில்ல, நானும் தடவிக்கறவதான். ஆனா பாலியெஸ்டருக்குத் தண்ணி ஆகாது, எண்ணெய்னா உசுரு. வேர்வைய வெளிய தள்ளிவிட்டுட்டு, அதுல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கைத் தன்கிட்டயே வச்சுக்கும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. துணி காஞ்சிருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் கெளம்பும். அதான் பஸ்ஸுல அஞ்சாவது நிமிஷம்.

இதுல நீ கவனிக்காம விட்டது ஒண்ணு இருக்கு. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சு போயிரும். உன் பாத்ரூம் அலமாரியில பாட்டில் வெள்ளையா மெழுகு மாதிரி நிக்குதில்ல? நீ மெஷின்ல 'கோல்ட்' போட்டுத் துவைக்கற. ஜனவரி மாசம் இங்க கனடாவுல கொழாயில வர்ற பச்சத்தண்ணியில கைய நீட்டுனா வெரல் மரத்துப்போகுது. அந்தத் தண்ணியில எண்ணெய் நூலுக்குள்ளயே உறைஞ்சு உக்காந்திருக்கும், சோப்பு அதுமேல வழுக்கிட்டுப் போயிரும். சோப்புப் பவுடரும் அந்தக் குளிர்ல சரியாக் கரையாது, கறுப்புத் துணியில திட்டுத்திட்டா வெள்ளையா ஒட்டிட்டு வரும். நீ அதைப் பூஞ்சைன்னு நெனச்சுப் பயந்தியே, அது பவுடர்தான்.

அதனால பாலியெஸ்டர் தெர்மலுக்கு 'வார்ம்' போடு, பவுடருக்குப் பதிலா லிக்விட் ஊத்து. துணியை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடு, அழுக்கும் எண்ணெயும் அந்தப் பக்கம்தான இருக்கு. மெஷின்ல போடறதுக்கு முன்னாடி கழுத்துப்பட்டியிலயும் அக்குள்லயும் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு வச்சு, வெரலால தேச்சு, பத்து நிமிஷம் விடு. தோசைக்கல்லுப் பிசுக்கை எடுக்கறதுக்குச் சட்டை பிசுக்கு எம்மாத்திரம். ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான். ஆர்வத்துல ஊத்திடாத, மெஷின் நொரை கக்கிட்டு நின்னுரும். பேஸ்மென்ட்ல குடியிருந்துட்டு வீட்டுக்காரம்மா மெஷினை நிறுத்தி வச்சா அப்புறம் அந்தம்மா முகத்துல முழிக்க முடியாது.

ஏற்கெனவே ஏறிப்போன வாடைக்கு வெள்ளை வினிகர். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணி, அரை மணி நேரம் ஊறவை, அலசிட்டு அப்புறம் மெஷின்ல போடு. வாராவாரம் பண்ணாத. வாடை ஏறுனா மட்டும் போதும். வினிகர் ஊத்துற பக்கெட்ல பிளீச் படவே கூடாது, ரெண்டும் சேந்தா விஷவாயு வரும். பிளீச் எந்தத் தெர்மலுக்குமே வேண்டாம். துணியில இழுவைக்குச் சேத்திருக்கற லைக்ராவைக் கெடுக்கும். கம்பளியா இருந்தா துணியே கரைஞ்சுரும், வெளையாட்டுக்குச் சொல்லல.

வாசத்துக்குன்னு ஊத்துற சாஃப்ட்னரையும் நிறுத்திரு. அது நூல்மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசிட்டுப் போயிரும். அப்புறம் வேர்வைய உறிஞ்சி வெளிய தள்ளுற வேலையத் துணி எப்படிச் செய்யும்? பஸ்ஸுக்கு ஓடிப்போய் ஏறுன வேர்வை முதுகுலயே நிக்கும், எறங்கி நடக்கறப்ப அது சில்லுனு ஆகும், "தெர்மல் போட்டும் குளுருதுக்கா"ன்னு எனக்குப் போன் வரும். டிரையர்ல போடற வாசனை ஷீட்டும் இதே கதைதான். இன்னொண்ணு, தெர்மலுக்கு உள்ள காட்டன் பனியன் போடறத விட்டுரு. நம்ம ஊரு பழக்கம், பனியன் போடாட்டி என்னமோ மாதிரி இருக்கும், தெரியுது. ஆனா காட்டன் ஈரத்தைக் குடிச்சுட்டு நனைஞ்ச துண்டு மாதிரி உடம்போட ஒட்டிக்கும். மேல எவ்வளவு ஒசத்தியான தெர்மல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. திருப்பூர்ல ஏழு வருஷம் பனியன் கம்பெனிச் சோறு தின்னவ சொல்றேன், இந்த ஊரு குளுருக்குப் பனியன் ஆகாது.

இனி கம்பளிக்கு வர்றேன். மாமா உனக்குக் குடுத்த சாம்பல் கலர் மெரினோ ரெண்டும் இருக்கில்ல, அதுல வார்ம், வினிகர், பாத்திர லிக்விட்னு கைய வச்சுராத. அது வேற சாதி.

எது கம்பளி, எது பாலியெஸ்டர்னு லேபிளைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். கனடாவுல விக்கற துணியில எந்த நூல் எத்தனை சதவீதம்னு இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் போட்டாகணும், அது சட்டம். பிரெஞ்சுல 'லென்'னு இருந்தா கம்பளி. எப்படித் துவைக்கணுங்கற படங்கள் போடணும்னு கட்டாயம் இல்ல, இருந்தும் முக்கால்வாசிப் பேரு போட்டுருவாங்க. தொட்டிப் படத்துக்குள்ள 30-ன்னா 30 டிகிரிக்கு மேல வேண்டாம். தொட்டிக்குக் கீழ ஒரு கோடுன்னா மெதுவா, ரெண்டு கோடுன்னா ரொம்ப மெதுவா. தொட்டிக்குள்ள கை இருந்தா கையாலதான் துவைக்கணும். சதுரத்துக்குள்ள வட்டம், அதுமேல பெருக்கல் குறின்னா டிரையர் பக்கமே போகக்கூடாது. சதுரத்துக்குள்ள படுக்கையா ஒரு கோடுன்னா விரிச்சுப் போட்டுக் காயவை. செக்கிங் டேபிள்ல ஒக்காந்து இந்த லேபிள் நேரா இருக்கா, கோணலா இருக்கான்னு ஆயிரக்கணக்குல பாத்துத் தள்ளியிருக்கேன். அதுல என்ன போட்டிருக்குன்னு ஒருநாளும் படிச்சதில்ல. அதுக்கான கூலிய இங்க வந்து குடுத்தேன், சொல்றேன் இரு.

செகண்ட் ஹேண்ட் கடையில வாங்கி லேபிள் வெட்டியிருந்தா, உள்தையல்ல இருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில புடிச்சுக் கொளுத்திப் பாரு. தலைமுடி கருகுன நாத்தம் வந்து, சாம்பலு கையில நசுக்குனா பொடிஞ்சா கம்பளி. உருகிக் கெட்டியா மணி மாதிரி நின்னா பாலியெஸ்டர். காகிதம் எரியற வாசம்னா காட்டனோ ரேயானோ. நூல் மட்டும், அதுவும் சிங்க்குக்கு மேல வச்சு. புகை அலாரம் தலைக்கு நேரா இல்லாத எடமாப் பாத்து.

2011-ல நான் வந்த மொத டிசம்பர்ல மாமாவோட மெரினோவைத்தான் பலி குடுத்தேன். குளுருதேன்னு 'ஹாட்'ல துவைச்சு, ஜீன்ஸோட சேத்து டிரையர்லயும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வெளிய எடுத்தா கைக்குக் கனமா, கம்பளி விரிப்பு மாதிரி வருது. மாமா தலையை விட்டாரு. காதோட நின்னுருச்சு. உள்ளயும் போகல, வெளியவும் வரல, ரெண்டு கையையும் தூக்கிட்டு நடுவீட்ல நிக்கறாரு, எனக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியல. கம்பெனியில துணி மேல 50-க்கு 50 சென்டிமீட்டர்ல கட்டம் வரைஞ்சு, துவைச்சு, மறுபடி அளந்து, 5 சதவீதத்துக்கு மேல சுருங்குனா லாட்டையே நிறுத்துறதப் பாத்து வளந்தவளோட வீட்ல இந்தக் கூத்து. தலைமுடிக்குப் போடற கண்டிஷனரை வெதுவெதுப்பான தண்ணியில கலந்து ஊறவச்சு இழுத்துப் பாத்தேன். ஒடம்பு கொஞ்சம் எறங்கி வந்துச்சு, கழுத்து வரவே இல்ல. கடைசியில வெட்டி சோபாவுக்கு அடியில தரை தொடைக்கப் போட்டேன்.

காரணம் என்னன்னா, கம்பளி நூல் ஒவ்வொண்ணுக்கும் மேல மீனுக்கு இருக்கற மாதிரி செதில் இருக்கு. சூடு, ஈரம், உரசல் மூணும் சேந்தா ஒரு நூலோட செதில் இன்னொண்ணைக் கவ்விக்கும், திரும்ப விடாது. இதுல மெரினோ நூலு தலைமுடியில மூணுல ஒரு பங்குகூட இருக்காது, அவ்வளவு மெல்லிசு. உடம்புல குத்தாம இருக்கறது அதனாலதான், உரசுனா சீக்கிரம் நஞ்சு போறதும் அதனாலதான். மெஷின்ல போடலாம்னு விக்கற மெரினோவுல அந்தச் செதிலை மழுங்கடிச்சிருப்பாங்க. அப்பவும் 30 டிகிரியத் தாண்டாத, 'டெலிகேட்' இல்லாட்டி 'வூல்' சைக்கிள்ல, வலைப்பைக்குள்ள போட்டு. உன் வீட்டு மெஷின் நடுவுல தூண் நிக்கற பழைய டாப் லோடு, துணியைக் கயிறு மாதிரி முறுக்கும். அதுல மெரினோ வேண்டாம். பக்கெட்டே போதும்.

பக்கெட் தண்ணி எந்தச் சூட்டுல இருக்கணும்னு தெர்மாமீட்டர் தேடாத. கைய விட்டா சூடும் தெரியக்கூடாது, குளுரும் தெரியக்கூடாது, அதான் 30 டிகிரி பக்கம். கம்பளிக்குன்னே விக்கற லிக்விட் ஒரு மூடி. சாதா சோப்புல காரம் ஜாஸ்தி. கறை எடுக்கறதுக்குச் சேக்கற என்சைம்ல ஒரு வகை புரதத்தைத்தான் தின்னும், கம்பளியே புரதம்தான். பத்து நிமிஷம் ஊறட்டும். குழந்தைய அலசுற மாதிரி தண்ணிக்குள்ளயே அமுக்கி அமுக்கி விடு. கல்லுல அடிக்கற கையி நம்மளுது, அதைக் கொஞ்சம் கட்டிப்போடு. பிரஷ் போடாத. அலசுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும்.

பிழியறதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. ஈரக் கம்பளியை முறுக்குனா கோணிக்கும். பெரிய துண்டை விரி, அதுமேல தெர்மலைக் கை கால் நேரா விரிச்சுப் போடு, பாய் சுருட்டற மாதிரி ரெண்டையும் சேத்துச் சுருட்டு. அதுமேல ஏறி நில்லு. ஆமா, ஏறி நில்லு, ஒண்ணும் ஆகாது. பாதத்துக்கு அடியில துண்டு சில்லுனு நனையறது தெரியும். திருப்பிப் போட்டு இன்னொருக்கா மிதி. பிரிச்சா தண்ணி சொட்டாது. ஹேங்கர்ல தொங்க விடாத, ஈரத்தோட கனத்துக்கு இழுத்துட்டு முழங்கால் வரைக்கும் வந்துரும். ஸ்டேண்டு மேல படுக்கையாப் போடு. ஹீட்டர் மேல போடவே கூடாது. கம்பளி மொறமொறத்துப் போயிரும், பாலியெஸ்டர்னா லைக்ரா செத்துரும், நெருப்பு பயம் வேற. உன் ரூம்ல ஜன்னல் சின்னது, காத்து ஓட்டம் இல்ல, சின்ன ஃபேன் ஒண்ணு தள்ளி வச்சு ஓடவிடு. பாலியெஸ்டர் ராத்திரி போட்டா விடிய எடுத்துக்கலாம், மெரினோவுக்கு ஒண்ணரை நாளுகூட ஆகும். ஆனா அடுப்பு பக்கமாப் போடாத. பொதன்கெழமை தாளிச்ச வெங்காய சாம்பாரு வெள்ளிக்கெழம கிளாஸ்ல மணக்கும்.

மெரினோவை ஒவ்வொரு தடவையும் துவைக்கணும்னு இல்ல. வாடைய அது லேசுல புடிக்காது. ராத்திரி கழட்டி நாற்காலி முதுகுல விரிச்சுப்போட்டா காலைல பழசே தெரியாது, மூணு நாலு தடவை போட்டுட்டுத் துவைக்கலாம். பாலியெஸ்டர் அப்படி இல்ல, வேர்த்த அன்னைக்கே துவைச்சுரணும். அதனால பாலியெஸ்டர்னா மூணு செட்டு, மெரினோன்னா ரெண்டு செட்டே குளிர்காலத்தை ஓட்டிரும். வேர்வையோட சுருட்டிக் கூடையில அடைச்சு வைக்கற வேலை மட்டும் எதுக்கும் வேண்டாம்.

மே மாசம் எடுத்து வைக்கறப்ப துவைச்சு, நல்லாக் காயவச்சு, மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுல போடு. கம்பளியத் திங்கறது அந்துப்பூச்சியோட புழு, வேர்வை அழுக்கு இருந்தா அதுக்கு இன்னும் விருந்து. பாச்சை உருண்டை போடாத, ஒருக்கா ஏறுனா அந்த வாடை அடுத்த குளுரு வரைக்கும் போகாது.

பொட்டு ஓட்டை விழுந்தா அன்னைக்கே பாத்துரு, பின்னல் துணியில ஓட்டை நிக்காது, ஓடும். நேர்த்தையல் போட்டு இறுக்கிராத, இழுத்தா பட்டுனு அந்துரும், துணியோட சேந்து நீளற மாதிரி குறுக்கும் நெடுக்குமாத்தான் போடணும். உன் நீலத் தெர்மல்ல கழுத்துத் தையல் பிரிஞ்சிருக்குன்னியே, அதை ஊசிகொண்டு தொடாத. சனிக்கெழம வர்றப்ப எடுத்துட்டு வா, நான் போட்டுத் தர்றேன். துவைச்சு எடுத்துட்டு வா.