கலைநூல் தேர்ந்து கற்றல்

நூல்கள் மிகுந்தும் அவற்றைக் கற்கும் பொழுது குறைந்தும் உள்ள காலத்தில் வாழ்கின்றோம். ஒரு நூற்றாண்டின் முன் நல்ல நூலொன்றைக் காண்பதே அரிதாயிருந்தது. இக்காலத்தோ, நல்ல நூலைப் பிறவற்றின் நடுவினின்றும் பிரித்தெடுப்பதே அரிதாயிருக்கின்றது. கணிதம், பௌதிகம் முதலிய துறைகளிற் பிழைபட்ட நூல் நெடுநாள் நிலைப்பதில்லை. கணக்கும் சோதனைச்சாலையும் அதன் குற்றத்தை விரைவில் வெளிப்படுத்திவிடும். ஓவியம், சிற்பம், இசை, நாகரிக வரலாறு என்பன பற்றிய நூல்களோ அத்தன்மையன அல்ல. நடை இனிதாயும் படங்கள் அழகியனவாயும் இருப்பின், பிழை மலிந்த நூலும் பல்லாண்டு போற்றப்படும். ஆதலின், இத்துறை நூல்களைத் தேர்ந்து கற்கும் முறை யாதென மாணவர் பொருட்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். கலைநூலின் மாற்றறியவும் ஓர் உரைகல் வேண்டும். அது யாண்டுளது? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் மாணவர் சிலர், கலையென்றால் தஞ்சைக்கும் மாமல்லபுரத்திற்குமே செல்லவேண்டுமென்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. தென்னாற்காட்டினின்றும் 1993-ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்திலேயே, மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலும் தளவானூர்க் குகைக்கோயிலும் உள்ளன. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த பனைமலைக் கோயிலும், கீழ்வாலைப் பாறையிற் செங்காவி கொண்டு தீட்டிய பழங்கால உருவங்களும், செஞ்சிக் கோட்டையும் இங்கேயே உள்ளன. நாம் காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க இவ்விடங்களே நமக்கு உரைகல்லாவன. உலகக் கலையனைத்தையும் உரைக்கும் நூலாயினும் சரி, தமிழகக் கலையை மட்டும் உரைப்பதாயினும் சரி, அதனை ஆராயும் கண்ணை நாம் இவ்விடங்களிற் பயின்று பெறலாம்.

தேர்வுக்குரிய முதற்கேள்வி: இந்நூல் சான்றையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டுகின்றதா?

மண்டகப்பட்டினையே எடுத்துக்கொள்வோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றிப் பிரமன், ஈசுவரன், விஷ்ணு என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை ஆக்கினான் என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. கல் சொல்வது இவ்வளவே. ஆயினும், ‘தமிழ்நாட்டின் முதற் குகைக்கோயில் இதுவே’ என்று கல்வெட்டே கூறுவதுபோலப் பல நூல்கள் எழுதிச் செல்லும். ‘முதல்’ என்னுஞ் சொல் கல்வெட்டின் சொல்லன்று. அறிஞர் உய்த்துணர்ந்த கருத்து. பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டிக் குகையை, அங்குள்ள கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு, மகேந்திரனுக்கு முற்பட்டதெனக் கருதும் அறிஞரும் உளர். நல்லாசிரியர் இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லுவர். அல்லாதார் ஒன்றாகக் கலந்துவிடுவர்.

இதே மன்னன் பெயரைச் சார்ந்து மேலும் இரண்டு செய்திகள் உள. சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரன் காலத்தனவென்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தன. பின்னர், 9-ஆம் நூற்றாண்டிற் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குகையைப் புதுப்பித்தான் என்பதை ஆங்குள்ள தமிழ்க் கல்வெட்டால் அறிஞர் உணர்ந்தனர். பழைய கொள்கையும் தளர்ந்தது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டோ, உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் ஆக்கியதென்று மட்டும் கூறுகின்றது. அவ்வரசனது பெயரைக் கூறவில்லை. அவன் மகேந்திரனே என்று பலர் எழுதினர். அதனை ஐயுற்ற அறிஞரும் உளர். ஆகவே, ‘மகேந்திரன் இசைக்கல்வெட்டும் வெட்டுவித்தான், சித்தன்னவாசலும் தீட்டுவித்தான்’ என்று தடையின்றிச் சொல்லிச் செல்லும் நூலைக் காணின், அதன் ஆசிரியர் கல்லைக் காணாது பிறர் நூலையே கண்டார் என்று நாம் ஐயுறலாம். மன்னனது புகழ் இதனாற் குறைவதன்று. மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியும், பாறையைக் கோயிலாக்கியும் பெற்ற புகழ் அவனுக்குப் போதியதே. மிகையாகப் புகழ்வதும் ஒருவகைப் பிழையன்றோ?

இரண்டாவது கேள்வி: இந்நூல் நம் கண்ணைத் திறக்கின்றதா?

‘அழகு மிக்கது’, ‘கண்டார் உள்ளத்தைக் கவர்வது’ என்னும் சொற்களை எக்கோயிலுக்கும் சூட்டலாம். அவற்றாற் கற்பவன் அடைவது ஒன்றுமில்லை. தூணின் மேலும் கீழும் சதுரமும் நடுவில் எட்டுப்பட்டையும் அமைந்திருத்தலையும், மண்டகப்பட்டில் இல்லாத மகரதோரணம் தளவானூர் முகப்பில் இருத்தலையும் காட்டி, அவ்வேறுபாட்டின் பொருள் யாதென வினவத் தூண்டுவதே நல்ல நூல். இவ்வகையில் நமக்கு அண்மையிலேயே ஓர் ஆசிரியர் இருந்தார். புதுச்சேரிக் கல்லூரியிற் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1914-ஆம் ஆண்டு தென்னிந்தியத் தொல்பொருள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அக்காலத்துச் சிற்பிகளிடம் கோயிலுறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, போதிகை, கூடு முதலியவற்றின் வடிவம் காலந்தோறும் மாறிவந்தவாற்றைத் தொடர்ச்சியாகக் காட்டினார். அதனைக் கற்றவர், கல்வெட்டில்லாத கோயிலையும் அதன் உறுப்புகளைக் கொண்டு ஒருவாறு காலங்கணிக்கத் தொடங்குவர். அவர் முடிவுகளுட் சில பின்னர்த் திருத்தம் பெற்றன. ஆயினும், காணும் முறையைக் கற்பித்த நூலாதலின் அது பழமையுற்றும் பயனிழக்கவில்லை. கே. ஆர். சீனிவாசன் எழுதி இந்தியத் தொல்பொருளாய்வுத் துறை 1964-இல் வெளியிட்ட பல்லவர் குகைக்கோயில்கள் பற்றிய நூலோ, கோயில்தோறும் அமைப்பையும் உறுப்புகளையும் நிரல்பட விளக்குவது. அதனைக் கையிற்கொண்டு மண்டகப்பட்டின் முன் நிற்பவன் பத்து நூல்களின் பயனை ஒருநாளிற் பெறுவான்.

கைவினைஞரிடம் கற்று எழுதும் இம்முறை பிற நாட்டினும் சிறந்து விளங்கியது. இலங்கையில் கனிப்பொருளாய்வுத் துறைத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிநாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளை ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908-இல் வெளியிட்டார். செய்பொருளோடு செய்வோனையும் அந்நூல் நினைவிற் கொண்டது. அதனாலேயே அது நிலைத்தது.

படங்களைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். பனைமலைக் கோயிலின் சிற்றாலயமொன்றில், குடையின்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் உள்ளது. வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது. எஞ்சியது கோட்டின் நயமே. இத்தகைய ஓவியத்திற்குப் பளபளக்கும் வண்ணப்படத்தினும், கூர்ந்து நோக்கி வரைந்த கோட்டுப்படமே சிலகால் மிகுதியும் உதவும். எந்தச் சுவரில், எத்திசையில், எந்நிலையில் உள்ளது என்பதைக் கூறாத படம் அணியாகுமேயன்றிச் சான்றாகாது.

மூன்றாவது கேள்வி: இசைநூலாயின், அது செவிக்கும் கணக்கிற்கும் கட்டுப்படுகின்றதா?

சிற்பத்தைச் சென்று காணலாம். பழைய இசையைச் சென்று கேட்டல் இயலாது. எனவே இத்துறையில் ஊகத்திற்கு இடம் மிகுதி. 1892-ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தபின், பழந்தமிழிசை ஆராய்ச்சி புத்துயிர் பெற்றது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இற் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, ஒரு தாயியில் 24 சுருதிகள் உண்டென்று கணக்கிட்டு வாதித்தார். முந்திய ஆண்டு பரோடா மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். விபுலாநந்த அடிகளோ, 1947-ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூலில் 22 அலகுகளைக் கொண்டு பழைய யாழ்களின் இசையமைப்பை ஆராய்ந்தார். இருவரும் பேரறிஞர், இருவரும் சிலப்பதிகாரத்தையே பெரிதும் துணைக்கொண்டவர். எனினும் எண் வேறுபட்டது. இவருள் ஒருவரை வணங்கி மற்றவரைத் தள்ளுதல் கற்றோர்க்கு முறையன்று. இருவர் கணக்கையும் தாளில் எழுதிப் பார்த்து, இயலுமாயின் வீணையின் தந்தியிலும் வைத்துக் கேட்டல் வேண்டும். இவ்வாறு நாம் பின்தொடர்ந்து சரிபார்க்குமாறு தம் வழியைத் திறந்துவைத்தமையே அவர் நூல்களின் பெருமை. கருணாமிர்த சாகரத்தின் முற்பகுதியிற் கூறப்படும் கடல்கொண்ட பெருநிலப்பரப்புச் செய்திகளை இக்கால நிலவியல் ஏற்பதில்லை. அதுபற்றி அதன் இசைக்கணக்கைப் புறக்கணித்தலும், கணக்கின் சிறப்புப் பற்றி அச்செய்திகளை நம்புதலும் ஒப்பத் தவறாகும். ஒரே நூலினுள்ளும் பகுதி பகுதியாகத் தேர்தல் வேண்டும்.

நான்காவது கேள்வி: இந்நூல் கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் மதிக்கின்றதா?

தேசிங்குராசன் கதையைக் கேளாதார் செஞ்சிப் பக்கத்தில் இலர். அக்கதையில் வரும் வீரமும், மோவுத்துக்காரன் என்னும் முகம்மதிய நண்பனோடு அவன் கொண்ட நட்பும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தவை. 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுடன் பொருது தேசிங்கு மாண்டதும், திறைப்பணத்தைப் பற்றிய வழக்கே அப்போரின் காரணங்களுள் ஒன்றாயிருந்ததும் வரலாறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாசாரியர் 1943-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட செஞ்சி வரலாறு, இவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்கின்றது. கதை நடந்ததனைக் கூறாவிடினும், மக்கள் எதனை நினைவிற்கொள்ள விரும்பினர் என்பதைக் கூறும். அதுவும் நாகரிக வரலாற்றுக்கு வேண்டுவதே. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பதே குற்றம்.

இக்குற்றம் உலகப் புகழ் வாய்ந்த நூல்களிலும் உண்டு. இத்தாலி நாட்டு வசாரி, ஓவியர் சிற்பிகளின் வரலாறுகளை 1550-இல் வெளியிட்டார். ஐரோப்பியக் கலைவரலாற்றுக்கு அஃதோர் அடிப்படை நூல். அதில், கஸ்தாஞோ என்னும் ஓவியன் பொறாமையால் தொமேனிக்கோ வெனத்சியானோவைக் கொன்றானென்று எழுதினார். ஆவணங்களை ஆராய்ந்தபோது, கொலையுண்டவராகக் கூறப்பட்டவர் 1461-இல் இறந்தாரென்பதும், கொன்றவராகக் கூறப்பட்டவரோ 1457-இலேயே இறந்துவிட்டாரென்பதும் வெளிப்பட்டன. இடைப்பட்ட சில நூற்றாண்டுகள் ஒரு குற்றமற்ற கலைஞன் கொலைஞனென்னும் பழி சுமந்தான். நூலின் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. மனிதர் தலைமேலும் விழும்.

இனி, வாசகசாலையிற் கால்மணி நேரத்திற் செய்யத்தக்க சோதனை ஒன்று கூறுவோம். நூலை எடுத்தவுடன் முதற்பதிப்பின் ஆண்டைப் பார்க்க. முகவுரையில் ஆசிரியர் தாமே சென்று கண்டவற்றையும் பிறரிடமிருந்து கொண்டவற்றையும் கூறுகின்றாராவென நோக்குக. பின், நூலின் இறுதியிலுள்ள பெயரகராதியில் நாம் நன்கறிந்த ஓர் ஊரின் பெயரைத் தேடுக. மண்டகப்பட்டாயினும் பனைமலையாயினும் செஞ்சியாயினும் ஆகுக. அப்பக்கத்தைப் படித்து, நாம் கண்டதனோடு ஒத்துப்பார்க்க. அறிந்த ஊரைப் பற்றி ஆசிரியர் செவ்விதின் எழுதியிருப்பின், அறியாத ஊர்களைப் பற்றியும் அவர் சொல்லை ஓரளவு நம்பலாம். அறிந்த ஊரிலேயே தடுமாறியிருப்பின், விலையைக் கேளாமலே வைத்துவிடலாம். பொருட்செல்வம் மிகாத மாணவர்க்கு இஃதொரு நல்ல காவல்.

எங்குத் தொடங்குவது என்பார்க்கு ஒரு வழி கூறுவோம். மயிலை சீனி. வேங்கடசாமி 1956-இல் வெளியிட்ட தமிழர் வளர்த்த அழகுக் கலைகள் என்னும் நூல், கட்டடம், சிற்பம், ஓவியம், இசை முதலியவற்றை எளிய தமிழில் ஒருங்கே அறிமுகஞ் செய்வது; முதலில் அதனைக் கற்க. அடுத்து ஒரு குகைக்கோயிலை நேரிற் காண்க. அதன்பின் சீனிவாசனது ஆராய்ச்சி நூலைக் கொண்டு மீண்டும் ஒருமுறை காண்க. இருமுறை கண்டதற்கு இடையே தோன்றும் வேறுபாடே கல்வியாம்.

செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியர் படையரண்கள் 12-இல் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பல நாட்டினரும் இனி இவ்வழி வருவர், நூல்களும் பெருகும். வருவோர் வினவும்போது இம்மண்ணின் மாணவர் எந்நூலைக் கொண்டு விடை கூறுவர்? பனைமலைத் தேவியின் கோடுகளோ ஆண்டுதோறும் மங்கிக்கொண்டிருக்கின்றன. சுவர் வெறுமையாகும் நாள் வருமாயின், பின்வருவோர்க்கு அவ்வோவியம் நூலில் மட்டுமே வாழும். அந்நூல் மெய்யுரைப்பதாயிருத்தல் வேண்டாவா? தேர்ந்து கற்கும் மாணவர் இன்று தோன்றினாலன்றி, மெய்யுரைக்கும் ஆசிரியர் நாளை தோன்றமாட்டார். ஆதலின் நண்பர்காள், நல்ல நூலைத் தேடுங்கள், தேடியதனைக் கல்லின்முன் கொண்டுபோய் நிறுத்துங்கள், அதன்பின் நம்புங்கள்.