அயர்லாந்தின் ஓநாய்வேட்டை நாய்

தன் வெற்றியாலேயே அழிவெய்த நேர்ந்தது இந்நாயினம். 1652ஆம் ஆண்டில் அயர்லாந்தில் ஓநாய்கள் மலிந்திருந்தமையின், இந்நாய்களைப் பிறநாடுகட்குக் கொண்டுபோதலை அரசினர் தடுத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓநாய்கள் ஒழிந்தன; நாய்க்குத் தொழில் ஒழிந்தது; இனமும் அருகிற்று.

1862 முதல், இங்கிலாந்தில் வாழ்ந்த காப்டன் கிரஹாம் என்பார், எஞ்சியவற்றை ஸ்காத்லாந்தின் மான்வேட்டை நாய், கிரேட் டேன் முதலியவற்றோடு கலந்து இனத்தை மீட்க முயன்றார். 1885இல் இதற்கெனச் சங்கமும் தோன்றிற்று.

இது பழைய இனமோ, புதிய படைப்போ என ஐயுறுவாரும் உளர். சிதைந்த ஏட்டைப் பல பிரதிகளோடு ஒப்புநோக்கிச் செப்பஞ்செய்யும் பதிப்பாசிரியரை இவர்க்கு உவமை கூறுவோம். ஆயின், அவர் இழந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவர். குருதியில் அங்ஙனம் காட்டல் இயலாது. ஆதலின், ஓரினம் அருகுமுன்னரே அதனைப் போற்றுதல் நம் கடன் என்று கருதுகின்றோம்.