வாசிச்சது எழுத்தில் ஏன் வரமாட்டேங்குது?

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற நம் தம்பி தங்கைகளுக்கு மலாய்க் கட்டுரை ஒரு பெரிய மலை. அப்புறம் ஆங்கிலம், அதற்கும் மேலே மூட் தேர்வு. மூட்டில் வாசிப்பும் எழுத்தும் தனித்தனித் தாள். அதனாலோ என்னவோ, நாமும் இரண்டையும் பிரித்தே பயிற்சி செய்கிறோம். வாசிப்புக்குக் கேள்வி பதில், எழுத்துக்கு மாதிரிக் கட்டுரை மனப்பாடம். தலைப்பு கொஞ்சம் மாறினால் போச்சு.

பிஜித் தீவில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் செய்த ஆய்வு 1983இல் வெளியானது. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத கிராமத்துப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. 20 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் எழுத்து உள்பட மற்ற மொழித்திறன்களுக்கும் பரவியிருந்தது. கவனிச்சீங்களா? வாசிப்புதான் முதலில் வளர்ந்தது, மற்றவை பின்னாலேதான் வந்தன.

எஸ்.பி.எம். எழுதப் போகிறவருக்கு அவ்வளவு காலம் கிடையாது. அதனால் வாசிக்கும்போதே வாக்கியத்தைக் கழற்றிப் பார்க்கணும், நாங்கள் பட்டறையில் மோட்டாரைக் கழற்றுகிற மாதிரி. "நேற்று வந்த பையன்" என்கிறோம் தமிழில். விளக்கம் முன்னால், ஆள் பின்னால். மலாயில் "பூடாக் யாங் டாத்தாங் செமாலாம்". ஆள் முன்னால், பிறகு "யாங்", அதற்கப்புறம்தான் விளக்கம். ஆங்கிலத்திலும் "ஹூ" போட்டு இதே வரிசைதான். அர்த்தத்தை மட்டும் தேடி வாசிப்பவர் கண்ணுக்கு இந்த "யாங்" படவே படாது. பேனா எடுத்தால் தமிழ் வரிசைதான் கைக்கு வரும், இல்லையென்றால் துண்டு துண்டாகச் சின்ன வாக்கியங்கள்.

செய்து பாருங்க. பெரித்தா ஹரியானிலோ ஸ்டாரிலோ ஒரே ஒரு பத்தி எடுங்க. ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் தமிழிலேயே எழுதுங்க: கருத்து, காரணம், உதாரணம், மறுப்பு. பேப்பரை மூடிவிட்டு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் பத்தியைத் திரும்ப எழுதுங்க. பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்க. எந்த இடத்தில் இணைப்புச்சொல் விட்டுப்போச்சு, எங்கே "மெ", "டி" முன்னொட்டு தவறிப்போச்சு என்று சிவப்பு மையில் குறியுங்க.

பேப்பரை மூடாமல் எழுதினால் அது வெறும் காப்பி, நாலு சொல்லை மாற்றினாலும் காப்பிதான். மறுநாள் அதே குறிப்பின் அமைப்பில் வேறு தலைப்பு, உதாரணமாகக் கொம்தாரைச் சுற்றியுள்ள வாகன நெரிசல் பற்றி, ஒரு பத்தி எழுதுங்க. இது மாதிரிக் கட்டுரையில் இருக்காது, நீங்களேதான் எழுதியாகணும்.