மழலையும் சூழ்நிலையும்



குழந்தை தானே வளர்கிறது என்பர் சிலர். பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வந்த அறிவுதான் வளர்கிறது என்பர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மை அல்ல. சுற்றியுள்ளவர்கள் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார்கள், அப்படிப் பேச வீடும் தெருவும் இடம் தருகின்றனவா என்பதையும் பொறுத்தே அதன் மொழி வளர்கிறது. நூல்களில் படிக்குமுன் இதை நான் வீட்டிலேயே கண்டேன்.

செம்பூரை அடுத்த திலக் நகரில் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்து வருகிறேன். முதல் மாடியில் இரண்டே அறைகள். சன்னலுக்கு நேரே ஹார்பர் லைன். வண்டி கடக்கும்போது பேச்சு நிற்கும்; தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவோம். வண்டி போன பிறகு அந்த ஒலி குறைவதுமில்லை, நின்ற பேச்சு தொடர்வதுமில்லை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். அவர் சமைத்து முடிக்கும் வரை குழந்தையின் கையில் செல்போன் இருக்கும்.

இரண்டு வயது நிறைந்தபோது பாப்பா பேசிய சொற்கள் பத்துக்கும் குறைவு. சேர்க்கப் போன பாலர் பள்ளியில், “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பல மொழிகள் குழந்தையைக் குழப்புகின்றன” என்றார்கள். அண்ணி அழுதார். மறுநாள் முதல் ஆங்கிலம் மட்டுமே என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். ஊரிலுள்ள என் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அப்படியானால் ஆச்சிக்கும் பேத்திக்கும் இடையே இனி என்ன பேச்சு? இந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

முதலில் செய்ய வேண்டியது செவிச் சோதனை. இரண்டு வயதில் ஐம்பது சொற்கள்கூட இல்லாமலும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமலும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது கடமை. பாப்பாவின் செவியில் குறை இல்லை.

அடுத்தது, பல மொழிகள் குழப்புமா என்பது. 1962-இல் பீல், லாம்பர்ட் என்னும் இருவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்கள், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட அறிவுத் தேர்வுகளில் மேம்பட்டு நின்றனர். பின்வந்த ஆய்வுகளும், பேச்சுத் தாமதத்துக்கு இருமொழி காரணம் அன்று என்றே காட்டுகின்றன. ஆனால் ஒன்று: இருமொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அப்படியானால் குறை எங்கே? அமெரிக்காவில் சியாட்டில் நகரின் பெட்ரீஷியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் விளையாடிப் பேசினர். வேறு சிலருக்கு அதே பேச்சு திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். திரையில் கண்டவர்கள் கற்கவில்லை. திரை பேசும், ஆனால் குழந்தையின் முகம் பார்த்து மறுமொழிக்குக் காத்திராது.

ஓசைக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க்கில் நெடுஞ்சாலையின் மேல் எழுந்த அடுக்குமாடிகளில் நடந்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது. இரைச்சல் மிகுந்த கீழ்த்தளங்களில் நெடுநாள் வாழ்ந்த பிள்ளைகள், மேல்தளத்துப் பிள்ளைகளைவிட ஒலி வேறுபாட்டை அறிவதிலும் படிப்பதிலும் பின்தங்கியிருந்தனர். அதே நகரில், ரயில் பாதையை ஒட்டிய வகுப்புகளில் படித்தவர்கள் பின்தங்கியதை ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975-இல் காட்டினார். பாதையிலும் வகுப்பிலும் ஓசையைக் குறைத்த பிறகு 1981-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. சூழ்நிலை தலைவிதி அன்று, மாற்றினால் மாறும்.

வறுமைக்கும் இது பொருந்துமா? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில் சாலி கிரந்தம் மக்கிரேகர் குழுவினர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆராய்ந்தனர். சிலருடைய வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றனர். வீட்டுப் பொருள்களால் பொம்மை செய்து, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குக் கற்பித்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், அப்பிள்ளைகளின் வருவாய் மற்றக் குன்றிய பிள்ளைகளின் வருவாயைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுந்திருந்தது.

நம் முன்னோரும் இதை அறிந்தவர்களே. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களைப் பாருங்கள். தாலாட்டும் தால், கை கொட்டும் சப்பாணி, நிலவைக் காட்டும் அம்புலி என எல்லாம் குழந்தையைச் சுற்றியே அமைந்த பேச்சு. தாய் சுட்டும் திசையில் குழந்தையின் கண் செல்வதும், அப்போதே அதன் பெயரைத் தாய் சொல்வதும் சொல் பிறக்கும் வழி என்று இன்றைய உளவியலும் கூறுகிறது.

இவற்றையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். மாலையில் தொலைக்காட்சி நின்றது. பாப்பாவின் பாய், ரயில் பாதையை விட்டு உள்ளறைக்கு மாறியது. பகலில் வரும் அம்மாள் காய் நறுக்கும்போதே, “இது கத்தரிக்காய், இது தக்காளி” என்று அவளோடு மராத்தியில் பேசத் தொடங்கினார். இரவு ஆச்சி தொலைபேசியில் கதை சொல்வார், அண்ணி பக்கத்தில் அமர்ந்து, “அப்புறம் நரி என்ன செய்தது?” என்று பாப்பாவைக் கேட்பார். மூன்று வயதில் அவள் தமிழிலும் மராத்தியிலும் வாக்கியமாகவே பேசினாள். ஒரு குழந்தையின் கதை ஆய்வு ஆகாது; சில குழந்தைகள் தாமதமாகப் பேசிப் பின் தாமே ஈடுசெய்வதும் உண்டு. எனினும் அதன் பொருட்டு ஆச்சியின் மொழியை இழக்க வேண்டியிருக்கவில்லை.

நண்பர்களே, 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நம் தாராவியும் ஓர் இடம். நம் பகுதி அங்கன்வாடிகளில் தமிழ்க் குழந்தைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கு சென்று கதை சொல்ல நமக்குப் பட்டம் வேண்டா. குழந்தை பேசும் வரை காத்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.