துயிலும் லாவெண்டர் தைலமும்

ஜம்முப் பகுதியின் டோடா மாவட்டத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் பதர்வாப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. ஜூன், ஜூலை மாதங்களில் அதன் மலைச்சரிவுகள் ஊதா நிறம் பூண்டு விளங்குகின்றன. முன்னர் மக்காச்சோளம் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று லாவெண்டர் பயிராகிறது. 1941ஆம் ஆண்டில் ஜம்முவில் ஒரு மருந்து ஆராய்ச்சிச் சாலையாகத் தோன்றி, இன்று இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், நாற்றுகளையும் வடிகலங்களையும் குடியானவர்களுக்கு அளித்து இப்பயிரைப் பரப்பினர். லாவெண்டர் தைலம் சோப்பிலும் வாசனைத் திரவியங்களிலும் சேர்வதோடு, சிறு புட்டிகளில் அடைபட்டுப் படுக்கையறைகளுக்கும் வந்து சேர்கிறது. இரவில் இதனை முகர்ந்தால் நல்ல துயில் வரும் என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு விஞ்ஞான ஆதாரம் எவ்வளவு உண்டு என்பதை இங்கு ஆராய்வோம்.

பூங்கதிர்களின் ஊடே நீராவியைச் செலுத்தினால், அவற்றின் நுண்ணிய சுரப்பிகளிலுள்ள தைலம் ஆவியாகி நீராவியுடன் வெளிவருகிறது. அவ்வாவியைக் குளிர்விக்கும்போது தைலம் நீரின்மேல் மிதக்கும். நூறு கிலோ பூங்கதிரிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ தைலமே. பல சமயங்களில் அதனினும் குறைவு. எள்நெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றினின்று இது முற்றிலும் வேறுபட்டது. ஒரு துளியைக் காகிதத்தில் இட்டால் நிலையான எண்ணெய்க் கறை தங்காமல் பறந்துவிடும். ஆகவேதான் இத்தகைய தைலங்களை ஆவியாகும் எண்ணெய்கள் என்கிறோம்.

லாவெண்டர் தைலத்தில் பெரும்பகுதியாக அமைந்தவை லினலூல், லினலைல் அசிட்டேட் என்னும் இரு இரசாயனப் பொருள்கள். உயர்ந்த ரகத் தைலத்தில் இவ்விரண்டும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்டிருக்கும். கற்பூரம் மிகச் சிறிதளவே காணப்படும். லவண்டின் என்னும் கலப்பினச் செடியின் தைலம் விலை மலிவு; ஆனால் அதில் கற்பூரத்தின் பங்கு பல மடங்கு மிகுதி. கடையில் இரண்டும் லாவெண்டர் என்ற ஒரே பெயரால் விலைபோவதுண்டு. ஆதலால் வாங்குவோர் புட்டியின்மீது தாவரத்தின் முழுப்பெயரைப் பார்த்து வாங்குதல் நலம்.

மணம் மூளையை அடையும் வழி விந்தையானது. மூக்கின் உட்புறத்து உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள ஒரு மெல்லிய சவ்வில், மணத்தை உணரும் நரம்பணுக்கள் பதிந்துள்ளன. மனிதனிடம் இவற்றில் சுமார் 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன. இவ்வேற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்ட லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகவே மூளையின் மேற்பகுதியை அடைகின்றன. மணமோ அவ்விடைநிலையத்தில் தங்காமலே, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை எட்டுகிறது.

தைலத்தின் ஆவி நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து வேலை செய்கிறதா, அல்லது முகர்வுணர்ச்சியே வேலை செய்கிறதா? ஜப்பானிலுள்ள ககோஷிமாப் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. லினலூலின் மணத்தை முகர்ந்த சுண்டெலிகளிடம் அச்சம் தணிந்தது. முகரும் ஆற்றல் அழிக்கப்பட்ட சுண்டெலிகளும் அதே ஆவியைச் சுவாசித்தன. அவற்றிடம் அம்மாறுதல் இல்லை. மேலும், அமைதியூட்டும் பென்சோடயசெபீன் மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மற்றொரு மருந்தை முன்னதாகக் கொடுத்தபோது, லினலூல் மணத்தின் பலனும் மறைந்தது. ஆகவே அம்மருந்துகள் செயற்படும் மூளைப்பாதையையே மணமும் மூக்கு வழியாகத் தொடுகிறது எனக் கொள்ளலாம். எனினும் சுண்டெலியின் அச்சம் தணிவது ஒன்று. மனிதன் உறங்குவது வேறொன்று.

மனிதரிடம் செய்த சோதனைகளுள் 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒன்று குறிப்பிடத்தக்கது. நல்ல உறக்கமுள்ள 31 இளைஞர், இளம்பெண்களுக்கு ஓரிரவு லாவெண்டர் மணமும் மற்றோரிரவு காய்ச்சி வடித்த நீரும் படுக்கும் முன் சிறிது நேரம் அளித்தனர். லாவெண்டர் இரவில் ஆழ்ந்த துயிலின் பங்கு உயர்ந்தது. ஆயினும் இங்கே ஒரு தடை உண்டு. மாத்திரைச் சோதனையில் மருந்தில்லாப் போலி மாத்திரையைக் கொடுத்து, எது எது என்பதை மறைத்துவிடலாம். மணத்தை முகர்பவரிடமிருந்து எவ்வாறு மறைப்பது? நீருக்கும் லாவெண்டருக்கும் வேற்றுமை அறியாத மூக்கு இல்லை. எதிர்பார்ப்பினால் வந்த உறக்கமும் தைலத்தால் வந்த உறக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இக்காரணத்தால் தைலத்தின் பலன் மிதமானது என்பதற்கு மேல் கூறுவது முறையன்று.

உறங்குபவரின் மூக்கு பெரும்பாலும் விழிப்பதில்லை என்பதையும் கருதவேண்டும். பெப்பர்மின்ட் மணத்தையும், பிரிடீன் என்னும் கடும் நாற்றத்தையும் உறங்குவோரிடம் செலுத்திப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஆழ்ந்த துயிலில் இருந்தவர்களை அவை எழுப்பவில்லை. (வீட்டில் புகை சூழ்ந்தால் மூக்கே எழுப்பிவிடும் என நம்பியிருப்பது ஆபத்து.) ஆதலின் இரவு முழுவதும் ஆவியைப் பரப்பும் கருவியை ஓடவிடுவதால் பெரும்பயன் விளையும் எனக் கூற இடமில்லை. படுக்கைக்குச் செல்லும் அரைமணி முன்பு, ஒரு பஞ்சுத் துண்டில் ஒன்றிரண்டு துளி இட்டுத் தலையணைக்கு ஓரடி தள்ளி வைத்து, விளக்கைத் தணித்தால் போதுமானது. மணம் தலைவலியைத் தருமானால் அன்றே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடங்காதிருப்பதே மேல்.

தைலத்தைப் பருகுவது தவறு. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் தைலம் அடங்கிய உறைமாத்திரை, மனக்கலக்கத்தோடு கூடிய அமைதியின்மைக்கு அங்கீகாரம் பெற்றுள்ளது. ஆனால் அது அளவும் தரமும் வரையறுக்கப்பெற்ற மருந்து. கடைப் புட்டிக்கு அதன் சான்று பொருந்தாது.

நம் வீடுகளில் இதனினும் பெரிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. சளி பிடித்த குழந்தை உறங்கட்டும் என்று தாய்மார் கற்பூரமோ நீலகிரித் தைலமோ கலந்த களிம்பை அதன் மூக்கருகில் தடவுகின்றனர். லாவெண்டரும் இவையும் ஒரே இனம் என்று எண்ணுதல் பிழை. கற்பூரம் நரம்பு மண்டலத்தைத் தூண்டி வலிப்பை உண்டாக்கவல்லது; சிறு குழந்தை 1 கிராம் அளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் கொண்ட பொருள்களை உபயோகித்தபின் பெரியவர்களுக்கும் வலிப்பு நேர்ந்ததை இந்திய நரம்பு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவற்றில் எதையும் தடவலாகாது. விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உறக்கம் கெட்டு வருபவருக்கு வேண்டியது வைத்தியரின் ஆலோசனை. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவோர் அம்மூன்று மாதமும் காத்திருக்கலாகாது.

புட்டியைத் திறந்து நெடுநாள் வைத்திருந்தால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் லினலூல் சேர்ந்து, தோலில் ஒவ்வாமையை விளைக்கும் பொருள்களாக மாறுகிறது. தலையணையில் தைலம் தெளிப்பவர்களின் கன்னத்தில் தடிப்பு தோன்றினால் பழைய தைலத்தையும் ஐயுற வேண்டும். கருநிறப் புட்டியில் இறுக மூடி, வெப்பமும் வெயிலும் படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அதை வைத்தல் வேண்டும்.