ஊர் வளர்ந்த வரிசையில் வரை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படம் மடங்காமல் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன பொங்கலுக்கு மொட்டை மாடியில் நீயும் உன் தோழிகளும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியபோது மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கதையை நடத்தினாய். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக முடிவெடுத்தார்கள். இருபது முகப் பகடை பலன் சொன்னது. துரத்தப்பட்ட ஒருத்தி, "இந்த வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டாள். நீ ஒரு நிமிடம் திகைத்துப் போய், "இன்னொரு வீடு" என்றாய். அந்தத் திகைப்பு உனக்கு உறுத்தியிருக்கிறது. அதனால்தான் மணல்வாய் என்று ஒரு துறைமுக ஊரையே உண்டாக்கி முழுசாக வரைந்திருக்கிறாய். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, கை எங்கும் நடுங்கவில்லை. ஆனால் படத்தின் பின்னால், "எல்லாம் இருக்கு மாமா, ஆனா ஊர் மாதிரி இல்ல" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளனாக இருந்ததில் நான் கற்றதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். ஊர் எந்த வரிசையில் வளர்ந்ததோ அந்த வரிசையில் அதை வரை.

இதை எனக்கு ஒரு தெரு கற்றுக்கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நகரில் டவுன் சர்வே. இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். நடுவில் ஒரு தெரு மட்டும் வில்லாக வளைந்து கிடந்தது. சங்கிலியை நேராக இழுக்க முடியாமல் பத்தடிக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்தி அளந்தோம். யாரைக் கேட்டாலும் காரணம் தெரியவில்லை. அலுவலகத்தில் அந்த இடத்தின் பழைய படம் ஒன்று கிடைத்தது. அதை ட்ரேசிங் தாளில் எடுத்துப் புதிய படத்தின் மேல் வைத்தேன். தெருவின் வளைவு ஒரு ஏரிக்கரையின் மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். கரை மட்டும் தெருவாகத் தங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு அந்தத் தெருவின் ஒரு வாடை வீடுகளில் மட்டும் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

நீ மணல்வாயை மதிலில் தொடங்கியிருக்கிறாய். வட்டமாக மதில், நான்கு வாசல், நடுவில் அரண்மனை, மிச்ச இடத்தில் வீடுகள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு ஊரை உண்மையிலேயே கட்டியிருக்கிறார்கள். 762-இல் கலீபா அல் மன்சூர் பாக்தாதை வட்டமாகத்தான் எழுப்பினார். நடுவில் அரண்மனையும் மசூதியும். வாசல்களுக்கு அவை பார்க்கும் ஊர்களையும் நாடுகளையும் கொண்டு கூஃபா, பஸ்ரா, குராசான், டமாஸ்கஸ் என்று பெயர். ஆனால் சில வருடங்களிலேயே சந்தையை மதிலுக்கு வெளியே, தெற்கே கர்க் பகுதிக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஜனம் அங்கே பெருகியது. அந்த வட்ட நகரத்தின் சுவடு இன்றைக்குத் தரைக்கு மேல் இல்லை. அரசன் போட்ட வட்டத்தை மீறி ஊர் எந்தப் பக்கம் பிதுங்கியது என்பதில்தான் கதை இருக்கிறது. உன் படத்தில் எந்தப் பக்கமும் பிதுங்கவில்லை.

ஆகவே நான்கு ட்ரேசிங் தாள் எடுத்துக்கொள்.

முதல் தாளில் மேடு, பள்ளம், தண்ணீர். வேறெதுவும் வேண்டாம். கற்பனை நகரம் படைப்பவர், நன்னீர் எப்படி உள்ளே வருகிறது, கழிவு எப்படி வெளியே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது டெர்ரி பிராட்செட்டின் கருத்து. ஆங்க்-மார்போர்க் என்ற நகரத்தை நாவல் நாவலாக வளர்த்த எழுத்தாளர் அவர். அந்த நாவல்களைக் கொண்டே 1993-இல் அதற்குத் தெருப்படமும் வெளிவந்தது. நிஜத்தில் வெனிஸைப் பார். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. அதனால் ஒவ்வொரு சதுக்கத்துக்கும் அடியில் தொட்டி கட்டி, மழைநீரை மணலில் வடியவிட்டுச் சேர்த்தார்கள். சதுக்கத்தின் நடுவில் கல் கிணற்றுவாய். அதைச் சுற்றித்தான் அக்கம்பக்கத்தின் வாழ்க்கை. உன் மணல்வாய் ஆற்றுமுகத்தில் இருக்கிறது. கடல் ஏறினால் ஆறு உப்பாகும். அப்படியானால் ஊர் எதைக் குடிக்கிறது? மேட்டிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது என்று வை. வாய்க்கால் வந்தால் மதகு வரும். மதகின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஊர் இருக்கிறது. டிராகன் வருவதற்கு முன்பே உன் தோழிகளுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டது, பார்த்தாயா?

இரண்டாம் தாளில் கால்கள் போட்ட பாதை. ஆற்றை எங்கே கடக்கலாம், படகை எங்கே கட்டலாம், இரண்டும் சேரும் இடத்தில் சந்தை. நம் சிலப்பதிகாரத்துப் புகாரை நினைத்துப் பார். கடலோரமாக மருவூர்ப்பாக்கம், வணிகரும் கைவினைஞரும் கப்பலில் வந்த வேற்று நாட்டாரும் அங்கே. உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம். அரசனும் செல்வரும் அங்கே. இரண்டுக்கும் இடையிலே மரங்கள் நின்ற வெளியில் நாளங்காடி. இரண்டு பாக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டிய இடம் அது. ஒரே இடக்குறிப்பில் அந்தச் சமூகமே தெரிகிறது. இளங்கோ எந்தப் படமும் வரையவில்லை. படித்துவிட்டு நம்மால் வரைய முடிகிறது.

நாற்றத்தையும் இந்தத் தாளிலேயே தீர்மானித்துவிடு. லண்டனில் தோல் பதனிடுபவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் பெர்மண்ட்சியில் இருந்தார்கள். தோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், அந்த நாற்றத்தை ஊருக்குள் யாரும் பொறுக்கவும் மாட்டார்கள். உன் படத்தில் தோல் கிடங்கு அரண்மனைக்கு எதிரே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. அந்தக் கழிவைத் தாண்டித்தான் ஊர் தண்ணீர் எடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று படத்தின் மூலையில் ஓர் அம்பு போடு. ஏழைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை அந்த அம்பே உனக்குச் சொல்லும்.

மூன்றாம் தாளில் மதில் வரட்டும். போட்டதும் அதைக் கிழவனாக்கு. உன் அம்மா பிறந்த மதுரையில் வெளி வீதிகளில் எத்தனை தரம் நடந்திருக்கிறாய்! கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடம் அது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மதில் போனாலும் அதன் வடிவம் தெருவாக நிற்கிறது. இத்தாலியில் லூக்கா என்ற ஊரில் ரோமானியர் கட்டிய அரங்கம் சிதைந்த பிறகு, அதன் சுவர்களின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தச் சதுக்கம் முட்டை வடிவம்தான். மணல்வாயின் மதிலுக்குள்ளே அதைவிடப் பழைய, சின்ன மதில் ஒன்று இருந்திருக்கட்டும். இன்றைய தெருக்களில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீ மட்டும் அறிந்திரு.

நான்காம் தாள் இன்றைய ஊர். இங்கே மனை எல்லை முக்கியம். 1666-இல் லண்டன் நான்கு நாள் எரிந்து சுமார் 13,200 வீடுகள் சாம்பலாயின. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உடனே அகலமான நேர் வீதிகளோடு புது நகரத் திட்டம் கொடுத்தார். அது நடக்கவில்லை. அவரவர் மனை அவரவருக்கு வேண்டியிருந்தது. தெருக்களை அங்கங்கே அகலப்படுத்தினார்கள், செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். தெரு போன தடம் பெரும்பாலும் பழையதுதான். நெருப்பு வீட்டை எரிக்கும், எல்லைக்கல்லை எரிக்காது. அதனால் உன் ஊரில் ஒரு சந்து நெளிந்தால், அது யாருடைய மனையைச் சுற்றி நெளிகிறது என்று கேட்டுக்கொண்டு வரை.

ஸ்கேலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படத்தின் மூலையில் ஓர் அங்குலம் அரை மைல் என்று போட்டிருக்கிறாய். உன் மதிலின் குறுக்களவு 18 அங்குலம். கணக்குப் பார்த்தால் 9 மைல். உங்கள் விளையாட்டு விதிப்படி ஒரு மனிதப் பாத்திரம் 6 விநாடிச் சுற்றில் 30 அடி நடக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படியானால் நிமிடத்துக்கு 300 அடி. ஒரு வாசலிலிருந்து எதிர் வாசலுக்குப் போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். துரத்தல் எப்படி நடக்கும்? ரோமானியர் லண்டனுக்குக் கட்டிய மதிலுக்குள் இருந்தது சுமார் 330 ஏக்கர்தான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் ஒரு மைல். உன் படத்தை அழிக்க வேண்டாம். ஓர் அங்குலம் 300 அடி என்று மாற்றி எழுது. 18 அங்குலம் 5,400 அடியாகும்; லண்டன் அளவுக்கு வந்துவிடும். ஓர் அங்குலம் நடக்க ஒரு நிமிடம். ஆட்டத்தின் நடுவில் யார் கேட்டாலும் விரலால் அளந்து பதில் சொல்லலாம்.

எதைக் கறுப்பாகத் தீட்டுவது, எதை வெள்ளையாக விடுவது என்றும் கேட்டிருந்தாய். ஜாம்பட்டிஸ்டா நோல்லி 1748-இல் வெளியிட்ட ரோம் நகரப் படத்தைத் தேடிப் பார். 12 தகடுகளில் செதுக்கியது. வீடுகள் எல்லாம் கருமை. தெருவும் சதுக்கமும் வெண்மை. தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போலவே வெண்மையாக விட்டிருக்கிறார். யாரும் நுழையலாம் என்ற இடமெல்லாம் அதில் ஒரே வெளி. பாத்திரங்கள் கதவைத் தட்டாமல் நுழையக்கூடிய இடத்தை வெள்ளையாக விட்டால், படத்தைப் பார்த்ததுமே உன் தோழிகளுக்கு ஓடும் வழி தெரியும்.

எல்லா வீட்டுக்கும் ஆள் வைக்க வேண்டுமா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974-இல். இரண்டே வருடத்தில், 1976-இல், ஜட்ஜஸ் கில்ட் என்ற பதிப்பகம் ‘சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்ட்’ என்று ஒரு முழு நகரத்தைத் தெருத் தெருவாக, கடை கடையாகக் குறித்து வெளியிட்டது. பல ஊர்களில் பலர் எடுத்து ஆடுவதற்காகச் செய்த உழைப்பு அது. உனக்கு ஐந்து தோழிகள். மூன்று தெருவை மட்டும் ஆழமாகத் தெரிந்து வைத்துக்கொள். மற்ற தெருக்களுக்குப் பெயர் போதும்.

எப்படி என்று ஒரு தெருவைக் காட்டுகிறேன். மணல்வாயில் மதகுத் தெரு என்று வை. இப்போது அங்கே மதகு இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. முதல் வீடு உப்பு வியாபாரியுடையது. அவர் வாசற்படி மட்டும் மூன்றடி உயரம்; பழைய வாய்க்காலின் பள்ளத்தில் வீடு கட்டியதால் மழைக்குத் தண்ணீர் ஏறும். அடுத்தது சாயக்காரர் வீடு. தண்ணீர் அருகில் கிடைத்த காலத்தில் வந்தவர்கள், இப்போது குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார்கள், அந்தக் கோபம் அவர்களுக்கு இருக்கிறது. மூன்றாவது எண்ணெய்ச் செக்கு. அதன் பின்சுவர் மற்றச் சுவர்களைவிட மூன்று மடங்கு தடிமன். பழைய சின்ன மதிலின் மிச்சம் அது. வெளியே கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன, கால் வைத்து ஏறலாம். செக்குக்காரரின் பேரன் மாடு கட்டும்போது தரைக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறான்.

இனி ஒருத்தி ஓடி வந்து, "இந்த வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று கேட்கட்டும். நீ திகைக்க மாட்டாய். நீ எழுதி வைக்காத கேள்வியைக் கேட்டாலும், நான்கு தாளில் எந்தத் தாளில் அதற்குப் பதில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஊர் மாதிரி இல்லை என்றாயே, அந்தக் குறை தீருவது அங்கேதான். படத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் அதற்கு முன்னால் வந்த ஒரு கோடு காரணமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு என்னுடைய ட்ரேசிங் தாள் சுருள் ஒன்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்றைக்கு வாங்கி வைத்தது, இன்னும் பிரிக்கவில்லை. முதல் தாளில் தண்ணீரை மட்டும் போட்டு, தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. ஆறு எங்கே உப்பாகிறது என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடிப்போம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா