கல்லுக்கு அடியில் ஒரு பாடம்
(டிரவுட் மீனும் இறகுத் தூண்டிலும்)



தூண்டிலில் மண்புழு மாட்டி மீன் பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் சேவல் இறகை மாட்டி மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்க தாத்தா பார்த்திருக்கிறார். 1960-களில் அவர் சின்னப் பையனா இருந்தப்ப, தேயிலை எஸ்டேட் துரை ஒருத்தர் மீன் பிடிக்கப் போனா கூடை தூக்கிட்டு கூடவே போவாராம். அவர் சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்து எழுதுகிறேன்.

டிரவுட் எப்படி வந்தது?
டிரவுட் நம்ம மலை மீன் இல்லை. பழுப்பு டிரவுட்டின் சொந்த ஊர் ஐரோப்பா. வானவில் டிரவுட்டின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குப் பக்க ஆறுகள். 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், முடியவில்லை. பிறகு எச்.சி.வில்சன் என்பவர் முயன்று வெற்றி பெற்றார். 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது.

ஏன் மலையில் மட்டும்?
டிரவுட்டுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதுவே 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதனால்தான் சமவெளி ஏரியில் கெண்டை வாழும், டிரவுட் வாழாது.

இறகுத் தூண்டில்
டிரவுட் தண்ணீர்ப் பூச்சிகளை விரும்பிச் சாப்பிடும். அதனால் சின்ன முள்ளில் சேவலின் கழுத்து இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி மாதிரியே செய்வார்கள். ஆனால் இறகுக்கு எடையே கிடையாது. அதை எப்படித் தூரமா வீசுவது? நம்ம தூண்டிலில் ஈயக்குண்டு தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் நேர்மாறு. கயிறு கனமாக இருக்கும். கம்பைப் பின்னாடியும் முன்னாடியும் ஆட்டி வீசினால் கயிறு இறகை இழுத்துக்கொண்டு போய் மெதுவாத் தண்ணீர் மேல போடும்.

மீனுக்குத் தெரியாமல் நிற்பது எப்படி?
டிரவுட் எப்பவும் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்துத்தான் நிற்கும். சாப்பாடு அந்தப் பக்கம் இருந்துதானே மிதந்து வரும்! அதனால் மீன் பிடிப்பவர் கீழ்ப்பக்கம் இருந்து, மீனுக்குப் பின்னால வரணும். இன்னொன்று, ஒளிவிலகல். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளி உலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். அந்த ஜன்னலின் கோணம் சுமார் 97 டிகிரி. கரையில் தாழ்ந்து இருக்கிறது எல்லாம் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கித் தெரியும். அதனால் குனிந்து போனால் மீன் கண்ணுக்குச் சுலபமாகத் தப்பலாம். ஆனா தடதடன்னு நடந்தா அதிர்வை உடம்பின் பக்கக் கோட்டால் உணர்ந்து ஓடிவிடும்.

துரை செய்த முதல் வேலை
துரை ஓடைக்குப் போனதும் தூண்டிலை எடுக்க மாட்டாராம். முதலில் ஒரு கல்லைத் திருப்பிப் பார்ப்பாராம். கல்லுக்கு அடியில் எந்தப் பூச்சி இருக்கோ, அதே மாதிரி இறகைத்தான் மாட்டுவாராம். “கல்லைத் திருப்பிப் பாரு பாப்பா, ஓடை நல்லா இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லும்” என்றார் தாத்தா.

நானும் பார்த்தேன். எங்க ஊர் ஓடையில் டிரவுட் கிடையாது. ஆனாலும் மேலே, சோலைக்குப் பக்கத்தில் பத்துக் கல்லைத் திருப்பினேன். மூணு வால் வைத்த மேஃப்ளை குஞ்சுகள் ஓடின. மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிய கேடிஸ் புழுக்கள் இருந்தன. பிறகு கேரட் கழுவுகிற இடத்துக்குக் கீழே பத்துக் கல் திருப்பினேன். சேறும் சிவப்புப் புழுக்களும்தான்! அந்தப் புழுவின் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது வாழும். மற்ற பல பூச்சிகளால் முடியாது.

கேரட் சேறு, சோப்பு, மருந்து டேங்க் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. பூச்சி மருந்து பூச்சியைத்தானே கொல்லும்? ஓடைப் பூச்சி என்ன, தோட்டப் பூச்சி என்ன, அதுக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எங்க அப்பாவும் டேங்கை அங்கதான் கழுவினார். நான் சொன்னதும், “நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?” என்று கோபப்பட்டார். அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிட்டுப் போய் இரண்டு இடத்திலும் கல்லைத் திருப்பிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனா இப்ப டேங்கைத் தோட்டத்திலேயே கழுவி, அந்தத் தண்ணியை மருந்து அடிச்ச பாத்தியிலேயே தெளிச்சுடறார்.

நம் ஓடையில் டிரவுட்டை விடலாமா?
வேண்டாம்! உலகின் மிக மோசமான 100 அயல் இனங்கள் என்ற பட்டியலில் வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டும் இருக்கின்றன. அவை விட்ட இடத்தில் இருக்கும் சின்ன மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும். நமக்கு டிரவுட் வேண்டாம், டிரவுட் வாழும் அளவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும்.

நீங்களும் பெரியவர்களோடு போய்க் கல்லைத் திருப்பிப் பாருங்கள். பார்த்த பிறகு கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள். அது ஒரு வீட்டின் கூரை!

விடை சொல்லுங்கள்
1. டிரவுட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்? ஏன்?
2. சிவப்புப் புழு சேற்றில் வாழ்வது எப்படி?
(விடைகள் மேலேயே இருக்கின்றன, இன்னொரு முறை படியுங்கள்!)

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி